முறிந்த எலும்புகளில் ஒரு கிராமத்தின் வரலாறு

இடைக்கால இங்கிலாந்தின் ஏடுகளில் மன்னர்களும் மடாலயங்களும் நிலக்கணக்குகளும் நிறைய உண்டு. அந்த நிலத்தை உழுதவர்களைப் பற்றி மட்டும் அதிகம் இல்லை. அந்தக் குறையை அவர்களுடைய எலும்புகள் ஓரளவு தீர்த்துவைக்கின்றன. நார்தாம்ப்டன்ஷயர் பகுதியிலுள்ள ரவுண்ட்ஸ் கிராமத்தில் 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்ட 170 பேரின் கை, கால் எலும்புகளையும் காறை எலும்புகளையும் மார்கரெட் ஜட், சார்லட் ராபர்ட்ஸ் இருவரும் ஆராய்ந்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்திருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட இடைக்கால நகரங்களிலோ இது 4.7 முதல் 5.5 சதவீதம்தான். அன்றைய கிராமத்தில் ஆளை முடமாக்கக்கூடிய பெரிய ஆபத்து அன்றாட வேலைதான் என்றே இதிலிருந்து எண்ணத் தோன்றுகிறது.

அடிதடியில் முறிந்தவையாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். முறிந்த இடத்தைப் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கும். ஓங்கிய தடியைக் கையை உயர்த்தித் தடுப்பவருக்குச் சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு மட்டும் குறுக்கே முறியும். தடுக்கி விழும்போது உள்ளங்கையை ஊன்றுபவருக்குக் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டருகே முறியும். தோள் அடிபட விழுந்தால் காறை எலும்பு போகும். ரவுண்ட்ஸ் பெண்களுக்குக் காயம் பெரும்பாலும் முன்கையில். ஆண்களுக்கோ உடலின் பல இடங்களில். மாட்டிடம் உதைபடுவது, உயரத்திலிருந்து விழுவது, கருவிகளில் அடிபடுவது என்று இயந்திரமில்லாத விவசாயத்தில் இன்றும் நடக்கும் விபத்துகளோடு இது ஒத்துப்போகிறது. வன்முறையே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி கிராமத்தில் மண்டையில் பலத்த அடி வாங்கிய ஒருவரின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது.

வயது கூடக்கூட முறிவுகளும் சேரும். எந்த வயதில் முறிந்தது என்பதை நன்றாகக் கூடிவிட்ட எலும்பு சொல்லாது. இந்த ஆட்சேபம் நியாயமானது. ஒரு தனி எலும்பை வைத்து எதையும் அறுதியிட முடியாது. ஆனால் ஊருக்கும் நகரத்துக்கும் இடையே மூன்று மடங்குக்கும் மேலான வித்தியாசத்தை வயது ஒன்றைக் காட்டி ஒதுக்குவது கடினம். அதோடு, கூடிய எலும்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. காலெலும்பு கூட வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அவருக்கு வேறு யாரோ சோறு போட்டிருக்க வேண்டும், அவர் வயலையும் பார்த்திருக்க வேண்டும். வாரம் பெர்சி மனிதருக்கும் யாரோ மண்டையோட்டைத் திறந்து சிகிச்சை செய்திருக்கிறார்கள். அந்தக் காயம் ஆறி, அவர் பிழைத்தும் இருக்கிறார். ஆகவே அந்தக் கிராமங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் விளைச்சலையும் வரியையும் கணக்கிட்டால் போதாது. அந்த விளைச்சலுக்காக உடம்பு கொடுத்த விலையையும், அடிபட்டவரைக் கைவிடாத அக்கம்பக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.