ஊசியால் முடங்கும் தோளும் நஷ்டஈடும்

தோளே மூலதனம்

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ எனப்படும் முறைவைப்பின்படி மீன்பிடிக்கப் போகிற மீனவருக்குக் கழி ஊன்றிப் படகைத் தள்ளவும் வலையை இழுத்து ஏற்றவும் தோளின் பலமே ஆதாரமாகையால், கெளுத்தி முள் குத்திய காயத்துக்காகப் போட்டுக்கொண்ட ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியே அந்தத் தோளை முடக்கிவிடுமானால், அது ஜீவனத்துக்கே நேர்ந்த நஷ்டமாகும். அபூர்வமாக அப்படியும் நேர்வதுண்டு.

மருந்தின் குற்றமா?

ஊசி போட்ட இடம் இரண்டொரு நாள் வலிப்பது சகஜம். ஆனால், மேற்கைத் தசையில் இறங்கவேண்டிய ஊசி தோள்முனை எலும்பை ஒட்டி மிக உயரத்தில் குத்தப்பட்டு, மூட்டருகே உள்ள நீர்ப்பையில் மருந்து சென்றுவிட்டால், அங்கே அழற்சி உண்டாகி, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும் வலி மாதக்கணக்கில் நீடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கவொட்டாமல் செய்துவிடுகிறது. தோள்முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே குத்தினால் இந்த உபத்திரவம் அநேகமாக வராது. சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுத் தோளுச்சியை மட்டும் காட்டுகிற நம் வழக்கத்தையும் விடவேண்டும். இதற்காகத் தடுப்பூசியையே வெறுப்பது விவேகமன்று. ரணஜன்னி உயிரைக் குடிக்கும் வியாதி.

அங்கொரு நியதி, இங்கொரு நியதி

அமெரிக்காவில், 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தடுப்பூசிகளின்மீது விதிக்கும் வரியால் சேரும் நிதியிலிருந்து, பிழை யாருடையது என்று ருசுப்படுத்தாமலே நஷ்டஈடு பெறலாம். 2017-இல் இத்தகைய தோள் காயமும் நஷ்டஈட்டுக்குரிய பாதிப்புகளின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நம் நாட்டிலோ, கொரோனா தடுப்பூசி வழக்கொன்றில் 2022 நவம்பரில் மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், பாதிக்கப்பட்டோர் சிவில் கோர்ட்டை நாடலாம் என்றது. அங்கே ஊசி போட்டவரின் அசிரத்தையை நிரூபிக்கும் பாரம் வாதியின் தலையில்தான் விழும். தனியார் கிளினிக்கில் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டவர் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் பிராது கொடுக்கலாம். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் அரசு ஆஸ்பத்திரியோ நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995-இல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு. எளிய வழி காசுள்ளவனுக்கும் கடின வழி ஏழைக்கும் என்றாகிவிட்ட இந்த ஏற்பாட்டை நியாயமென்று சொல்ல மனம் வரவில்லை. ஆறுதலாக ஒன்றுண்டு: 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின்படி, பெண்களுக்கும், ஏரியில் கையால் இறால் தடவும் இருளர் போன்ற பழங்குடியினருக்கும், வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு.

சீட்டில் எழுதி வாங்குக

எந்த வழியில் நஷ்டஈடு கேட்டாலும் சான்று வேண்டுமாதலால், வலி மூன்று நாளைத் தாண்டினால், எண்ணெய் தேய்த்துக் காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, எந்தத் தேதியில் எந்தக் கையில் எந்த ஊசி போடப்பட்டது, கை எவ்வளவு உயர்கிறது என்பவற்றைச் சீட்டில் எழுதி வாங்கவேண்டும். தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த பாதிப்பாகப் பதிவு செய்யும்படி கிராம சுகாதார செவிலியரையும் கேட்கலாம். பாட்டுமுறை தவறிய நாட்களை ஊர்த் தலைவரிடம் குறித்து வாங்கிக்கொள்வதும் உசிதம். சம்பளச் சீட்டில்லாத தொழிலில் வருமான நஷ்டத்தைக் காட்ட வேறு தஸ்தாவேஜு ஏது?