ஒரு லட்சம் குதிரைக்கு யாரு தண்ணி காட்டுறது?



போன செமஸ்டர் டெக் ஃபெஸ்ட்டுக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்ய ஆரம்பிச்சோம். கதை சிம்பிள். பாலைவனத்துக்கு நடுவுல ஒரு கற்பனை சுல்தானகம். ஒரு கோட்டை, மூணு பாலைவனச் சோலை, நாலு பக்கமும் எதிரி. விளையாடுறவர்தான் சுல்தான், அவர் ஒரு படையைத் திரட்டணும். படை எவ்வளவு பெருசுன்னு கேட்கிற இடத்துல என் ரூம்மேட் யோசிக்கவே இல்லை, "ஒரு லட்சம் குதிரை போடு மச்சி"ன்னு டைப் பண்ணிட்டான். டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, யாருகிட்ட நம்பர் அதிகமோ அவங்கதான் ஜெயிக்கிறாங்க. எக்ஸெல் ஷீட்டை வெச்சு சண்டை போடுற மாதிரி இருந்துச்சு.

ஹாஸ்டல்ல ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் அதைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி தம்பி, ஒரு லட்சம் குதிரைக்கு யாரு தண்ணி காட்டுறது?"

சிரிச்சோம். அப்புறம் கால்குலேட்டரை எடுத்தோம். ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 30 லிட்டர் தண்ணி வேணும், வெயில்ல அதுக்கு மேலயும் ஆகும். ஒரு லட்சம் குதிரைன்னா 30 லட்சம் லிட்டர். கோடையில நம்ம ஊருக்குள்ள வர்ற 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்குல 250 லாரி, அதுவும் தினமும். தீவனம் தலைக்குப் பத்து கிலோன்னு வெச்சாலே ஒரு நாளைக்கு 1,000 டன். ஒரு ஒட்டகம் 200 கிலோ சுமக்கும்னா அந்த ஒரு நாள் தீவனத்தைத் தூக்கவே 5,000 ஒட்டகம் வேணும். பத்து நாள் பயணம்னா கணக்கு எங்கயோ போயிடுது. நிஜமான பாலைவனப் படை எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு தேடினோம். பிகானேர் மகாராஜா கங்கா சிங் காலத்துல, 1889 வாக்கில் உருவான 'கங்கா ரிசாலா' ஒட்டகப் படையில் இருந்தது சுமார் 500 ஒட்டகம்தான். அந்தப் படைதான் 1915-ல் சூயஸ் கால்வாய் வரைக்கும் போய் துருக்கியரோட மோதிச்சு.

பாலைவனத்தைத் தேடி ராஜஸ்தான் வரைக்கும் போன எங்களுக்கு, சுல்தானகம் நம்ம பக்கத்துலயே இருந்தது லேட்டாத்தான் உறைச்சுது. 1335-ல் மதுரையில் துக்ளக்கின் ஆளுநரா இருந்த ஜலாலுதீன் அஹ்சன் கான், டெல்லியை உதறிட்டுத் தனி சுல்தான் ஆனார். சுமார் நாற்பது வருஷம் அந்த அரசு நின்னுச்சு. இங்க மணல்மேடு கிடையாது, காடும் கண்மாயும்தான். ஆனா படையோட அமைப்பு வடக்கிலிருந்து வந்தது, அதோட உயிர் குதிரையில இருந்துச்சு.

அந்த வடக்கு அமைப்பு பத்தின் மடங்குல கட்டின ஒரு ட்ரீ. பத்து குதிரை வீரருக்கு ஒரு சர்கைல், பத்து சர்கைலுக்கு ஒரு சிபாசாலார், பத்து சிபாசாலாருக்கு ஒரு அமீர், பத்து அமீருக்கு ஒரு மாலிக், அதுக்கு மேல கான். வரலாற்றாசிரியர் பரணி எழுதி வெச்ச கணக்கு இது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிச்சவங்களுக்கு உடனே பிடிச்சிடும். ஆனா காகிதத்துல அழகா இருக்கிற ட்ரீ களத்துலயும் அப்படியே இருக்கும்னு நம்ப வேண்டாம். ஆளே இல்லாத நோடுகள் நிறைய இருந்திருக்கும்.

அந்த ஆளில்லாத நோடைப் பிடிக்கத்தான் அலாவுதீன் கில்ஜி ரெண்டு வேலை செஞ்சார். அவர் காலத்துலயும் ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் இருந்துச்சு! அணிவகுப்பு அன்னைக்கு இரவல் குதிரையைக் கொண்டுவந்து காட்டிட்டு, சம்பளத்தை வாங்கிட்டு, குதிரையைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அதனால குதிரை உடம்பில் சூடு போட்டு அரசாங்க முத்திரை வெச்சாங்க, இது 'தாக்'. வீரனோட அங்க அடையாளத்தைப் பதிவேட்டுல எழுதினாங்க, இது 'ஹுலியா'. பார்கோடும் ஐடி கார்டும்னு வெச்சுக்கங்க. சம்பளம் வருஷத்துக்கு 234 தங்கா, ரொக்கமா. அந்தக் காசுல குடும்பம் ஓடணுமே, அதுக்காகத்தான் டெல்லிச் சந்தையில் தானிய விலையையே அரசு நிர்ணயிச்சது. பாடப் புத்தகத்துல விலைக் கட்டுப்பாடு ஒரு தனிப் பாடமா வரும். படையைக் குறைஞ்ச செலவுல வெச்சிருக்கிறதுக்கான ஏற்பாடு அதுன்னு யாராவது அப்பவே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு மார்க் கூட வந்திருக்கும்.

தெற்கே வந்தா வேற சிக்கல். நல்ல போர்க்குதிரை இங்க வளராது, கடல் வழியாத்தான் வரணும். மதுரை சுல்தான்களுக்கு முன்னாடி பாண்டியர் காலத்துலயே ஹோர்முஸ், ஏடன் பக்கத்து வணிகர்கள் கப்பல் கப்பலா குதிரை இறக்கினதையும், வருஷ முடிவுல அதுல பெரும்பாலானவை செத்துப்போறதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கார். இங்க குதிரைக்குச் சோற்றை வேகவெச்சுப் போட்டாங்களாம், கறியோட சேர்த்து! குதிரை வைத்தியம் தெரிஞ்சவங்களை வணிகர்கள் வேணும்னே கூட்டி வரலைங்கிறதும் அவர் சொன்னதுதான். குதிரை பிழைச்சா அடுத்த வருஷ வியாபாரம் படுத்துடும் இல்லையா? பிரிண்டரை மலிவா வித்துட்டு இங்க்கில் காசு பார்க்கிற டெக்னிக்குக்கு அண்ணன் இது.

மதுரைப் படையை நேர்ல பார்த்து எழுதினவர் இப்னு பதூதா. சுல்தான் கியாசுதீன் அவருக்குச் சகலை முறை. காட்டுக்குள்ள படை போகும்போது பெரியவன் சின்னவன்னு இல்லாம ஒவ்வொருத்தன் கையிலும் கோடாலி. முகாம் போட்டா சுத்தியும் மரவேலி, நாலு வாசல். வெளியே மேடை கட்டி ராத்திரி முழுக்க நெருப்பு. காவலாளி ஒவ்வொருத்தன்கிட்டயும் மெல்லிய குச்சிக் கட்டு ஒண்ணு இருக்கும். எதிரி வந்தா எல்லாக் கட்டையும் ஒரே நேரத்துல கொளுத்துவாங்க, ராத்திரி பகலாயிடும், குதிரைப் படை வெளியே பாயும். காட்டுல படை முகாமிடுறதுக்கு முழு செயல்முறையும் இதுல இருக்கு.

ஆனா வேலிக் கழியைச் சுமந்தது யாருன்னும் அவர் எழுதியிருக்கார். காட்டுல பிடிபட்ட ஜனங்கள். அடுத்த நாள் காலையில அதே கழியில அவங்களைக் கழுவேத்தினாங்க, பெண்கள் குழந்தைகளையும் விடலை. வேற எந்த அரசனும் இப்படிச் செஞ்சு பார்த்ததில்லைன்னு பதூதாவே அருவருப்போட சொல்றார். இந்த இடத்துல எங்க டீமுக்குள்ள சண்டையே வந்துச்சு. கேம்ல 'கைதி = கூலியில்லாத வேலையாள்'னு ஒரு பட்டன் வெச்சிருந்தோம். "வரலாறுல இருக்கு, வெச்சா என்ன?"ன்னு ஒருத்தன். "அதை ஒரு ப்ளஸ் பாயின்ட் மாதிரி காட்டுறது வரலாறா?"ன்னு எங்க டீம்ல இருக்கிற பொண்ணு. கடைசியில பட்டனைத் தூக்கிட்டோம். சரியா தப்பான்னு இன்னும் முடிவாகலை, நீங்க சொல்லுங்க.

இப்ப எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். 1342-43 வாக்கில், சமயபுரத்தை ஒட்டின கண்ணனூர் கொப்பத்துல மதுரைப் படையின் கோட்டையை ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர் முற்றுகை போட்டார். நம்ம புதுக்கோட்டையிலிருந்து அது 70 கிலோமீட்டர்தான் இருக்கும். வல்லாளரிடம் ஒரு லட்சத்துக்கு மேல ஆள், சுல்தானிடம் 6,000, அதுலயும் பாதி உருப்படாதவங்கன்னு பதூதா சொல்றார். வல்லாளர் பக்கம் 20,000 முஸ்லிம்களும் இருந்தாங்கன்னும் அவரே எழுதுறார். வாட்ஸ்அப் ஃபார்வர்டுல வர்ற 'இந்த மதம் எதிர் அந்த மதம்' கதையில இந்த 20,000 பேர் எப்பவும் காணாமப் போயிடுவாங்க.

கோட்டைக்குள்ள 14 நாள் சாப்பாடுதான் மிச்சம். சரணடைய சுல்தானிடம் அனுமதி கேக்கணும்னு சொல்லி 14 நாள் தவணை வாங்கினாங்க. கடிதம் மதுரைக்குப் போச்சு, வெள்ளிக்கிழமை கூட்டத்துல வாசிச்சாங்க. தலைப்பாகையைக் கழற்றிக் குதிரை கழுத்துல கட்டிக்கிட்டு, அதாவது சாகத் துணிஞ்சுட்டோம்னு காட்டிக்கிட்டு, படை கிளம்பிச்சு. முன்னணியில 300 பேர், நடுவுல சுல்தானோட 3,000, பின்னால 3,000. வல்லாளர் முகாமை அவங்க அடைஞ்சது மத்தியானத் தூக்க நேரம். குதிரையெல்லாம் மேய்ச்சலுக்குப் போயிருந்துச்சு. வர்றது திருடங்கன்னு நினைச்சுத் தயாரில்லாம வெளியே வந்தவங்க சிதறினாங்க. எண்பது வயசு வல்லாளர் குதிரை ஏறப் பார்க்கும்போதே பிடிபட்டார். யானை, குதிரை, செல்வம் எல்லாத்தையும் வாங்கிக்கிட்ட பிறகு அவரைக் கொன்னாங்க. தோலில் வைக்கோல் திணிச்சு மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதை பதூதா பார்த்திருக்கார்.

அந்த ஒரு லட்சம் பேர் ஏன் தோத்தாங்க? தவணை ஓடும்போது காவல் இல்லை, எல்லாக் குதிரையும் ஒரே நேரத்துல மேய்ச்சல்ல. எங்க கேம்ல இது ரெண்டுக்கும் வேரியபிளே இல்லை!

இன்னொரு ஓட்டை சம்பளம். காசு இல்லாத அரசு படை வெச்சிக்க முடியாதான்னு கேட்டா, பதில் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. தொண்டைமான் அரசில் சேவைக்கு ஈடா நிலம் கொடுத்தாங்க, அதுக்குப் பேர் அமரம். அமரக்காரர் சும்மா இருக்கிற காலத்துல உழுவார், அழைப்பு வந்தா சேர்வைக்காரர் தலைமையில ஆயுதத்தோட வந்து நிப்பார். கருவூலத்துக்குச் செலவில்லை. ஆனா நடவு, அறுப்பு சமயத்துல கூப்பிட்டா வயல் என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. இந்தப் பூமியோட பலம் வாளைவிட சோத்துலதான் இருந்திருக்கு. 1754-ல் மைன்வில் என்ற பிரெஞ்சுத் தளபதி தொண்டைமான் சீமைக்குள்ள புகுந்து ஊர்களைக் கொளுத்தினதுக்குக் காரணமே, திருச்சியில் இருந்த ஆங்கிலப் படைக்குத் தானியமும் மாடும் இங்கிருந்து போனதுதான். சண்டை அடங்கின பிறகும் அமர நிலங்கள் தொடர்ந்துச்சு. திவான் சேஷையா சாஸ்திரி காலத்துல, 1888 இனாம் செட்டில்மென்ட்டில்தான் அந்தக் கணக்கைத் தீர்த்தாங்க.

ஃபெஸ்ட்டுல எங்களுக்குப் பரிசு கிடைக்கலை. ரெண்டாவது நாளே டெமோ க்ராஷ் ஆயிடுச்சு, அதுக்கும் வரலாறுக்கும் சம்பந்தமில்லை. இப்ப புது வெர்ஷன்ல சுல்தானுக்கு 600 ஒட்டகம், 200 குதிரை, மூணு கிணறு. கிணத்துல தண்ணி ஊறுற வேகத்தை ரூம்மேட்தான் கோட் பண்ணிட்டிருக்கான், அவன் ஊர் அறந்தாங்கிப் பக்கம். "கோடையில ஒரு கிணறு வத்தணும், அதைப் போடாம விடமாட்டேன்"னு உக்காந்திருக்கான்.