பத்தாவியாப் பழம்பதியும் சீனர் குடியிருப்பும்

சாவகம் என்னும் பெயர் மணிமேகலை பயின்றார்க்குப் புதியதன்று. அமுதசுரபி ஏந்திய ஆபுத்திரன் மறுபிறப்பில் அரசனாகத் தோன்றியது அந்நாட்டிலேயே என்பர் சாத்தனார். ஆயினும் அச்சாவகத்தின் வடகரையில் ஒல்லாந்தர் எழுப்பிய பத்தாவியா நகரைப்பற்றி நம் மாணவருட் பலர் அறியார். இந்நாளில் ஜாகார்த்தா எனப் பெயர்பூண்டு பரந்து கிடக்கும் பெருநகரின் வடபாகத்தில் அப்பழம்பதி இன்றும் உளது. அதனையடுத்துத் தெற்கே குளோடோக் என்னும் சீனர் குடியிருப்பு உளது. ஒன்றினின்று மற்றொன்றற்கு நடந்துசெல்ல அரைமணி நேரமும் வேண்டுவதில்லை. ஆனால், ஏன் ஒன்று மதிலுக்கு உள்ளும் மற்றொன்று மதிலுக்குப் புறம்பும் அமைந்தன என்று வினவுவோமாயின், விடை கூற நெடுநேரம் வேண்டும்.

1619-ஆம் ஆண்டு மே மாதம் ஜான் பீட்டர்ஸன் கூன் என்னும் ஒல்லாந்த வணிகத் தலைவர் ஜயகர்த்தா என்னும் ஊரைத் தீக்கிரையாக்கி, அதன் சாம்பலின்மீது தம் கும்பினிக்கு ஒரு தலைநகர் கண்டார். தாய்நாட்டு வழக்கத்தையே பின்பற்றி நேர்நேராகக் கால்வாய்கள் வெட்டி, இருகரையிலும் மாடவீடுகள் எடுத்தனர். குளிர்நாட்டிற்கு ஏற்ற அவ்வமைப்பு வெப்பநாட்டிற்கு ஏற்குமோ என்று அவர்கள் எண்ணினாரில்லை. நீர் தேங்கிற்று, காய்ச்சல் பரவிற்று, பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகர் ஐரோப்பியரின் இடுகாடு என்றே பெயர்பெற்றது. ஈற்றில் 1808-இல் வந்த டேண்டல்ஸ் என்னும் ஆளுநர் கோட்டையையும் மதிலையும் இடித்து, ஆட்சியிடத்தைத் தெற்கே மேட்டுநிலத்திற்கு மாற்றினார்.

எஞ்சியவற்றுள் தலைசிறந்தது 1710-இல் முற்றுப்பெற்ற நகர மண்டபம். வெண்சுவரும் மணிக்கூண்டும் கொண்டு அமைதியாகத் தோன்றும் இக்கட்டடத்தின் கீழறைகள் சிறைக்கூடங்களாக இருந்தன. ஜாவாவின் வீரத்தலைவர் தீபநகரர் 1830-இல் நாடுகடத்தப்படுமுன் இங்கே காவலில் வைக்கப்பட்டார். 1974 முதல் இது நகர வரலாற்றுப் பொருட்காட்சிச்சாலையாக விளங்குகின்றது. எதிரிலுள்ள திறந்தவெளியில் சீ ஜாகுர் என்னும் பீரங்கி ஒன்றுண்டு. மக்காவில் வார்க்கப்பெற்று, மலாக்காவில் போர்த்துக்கீசர்க்குக் காவலாயிருந்து, 1641-இல் அந்நகர் வீழ்ந்தபின் ஒல்லாந்தர் கைப்பட்டது இது. அதன் பின்புறம் விரலிடையே பெருவிரல் நீட்டிய முட்டியாக அமைந்துளது. மகப்பேறு வேண்டிய மகளிர் பன்னெடுங்காலம் அதற்கு மலரிட்டு வழிபட்டனராம். கொல்லுதற்கு வார்த்த கருவியிடத்தே பிள்ளைவரம் வேண்டினர் என்பது நினைக்குந்தோறும் வியப்பாகவே உளது!

இனி நம்மவர்க்கு உரிய செய்தியொன்று கூறுவேன். 1673-இல் எடுத்த கணக்கின்படி பத்தாவியாவிலும் அதன் புறநகரிலும் வாழ்ந்தோர் 27,068 பேர். அவருள் ஒல்லாந்தர் 2,024 பேரே. அடிமைகளோ 13,278 பேர். ஏறக்குறைய பாதி நகரம் அடிமை நகரம் என்க. அவ்வடிமைகள் எங்கிருந்து வந்தனர்? கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வங்கத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வந்தாற்போலவே நம் சோழமண்டலக் கரையினின்றும் வந்தனர். பழவேற்காட்டில் ஒல்லாந்தர்க்கு 1613 முதல் கெல்திரியா என்னும் கோட்டை இருந்தது. 1658-இல் நாகப்பட்டினமும் அவர் கைப்பட்டது. பஞ்சம் வந்துற்றபோதெல்லாம் ஒருபிடி அரிசிக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்றோர் அத்துறைகளில் கப்பலேற்றப்பட்டனர். துணியும் மிளகும் ஏற்றிய கணக்கேட்டிலேயே மனிதரையும் ஏற்றிக் கணக்கெழுதினர்.

அவருட் சிலர் விடுதலை பெற்றுக் கிறித்துமார்க்கத்தில் ஒல்லாந்தச் சபையைச் சேர்ந்தனர். அவர்க்கு மார்டைக்கர் என்று பெயர். மேற்கூறிய கணக்கில் அவர் 5,362 பேர், அதாவது ஒல்லாந்தரினும் இருமடங்கிற்கு மேற்பட்டவர். அவர்கள் பேசியது போர்த்துக்கீசம். அவர்களுக்கென்று மதிலுக்குப் புறத்தே எடுத்த ஆலயம் 1695-இல் பிரதிட்டை செய்யப்பெற்றது. சதுப்புநிலத்தில் பதினாயிரம் மரத்தூண்களை நட்டு அவற்றின்மேற் கட்டிய அவ்வாலயம், சீயோன் ஆலயம் என்னும் பெயருடன் இன்றும் வழிபாட்டிலுளது. மார்டைக்கர் என்னுஞ் சொல் ‘மகர்த்திக’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. பேராற்றலும் பெருவாழ்வும் உடையவன் என்பது அதன் பொருள். அவ்வடிவே மலாய்மொழியில் ‘மெர்டேகா’ என்றாகி, விடுதலை பெற்ற அடிமையைக் குறித்துப் பின் விடுதலையையே குறித்தது. 1945-இல் இந்தோனேசிய மக்கள் முழங்கிய சொல் அதுவே. இலக்கணம் பயிலும் எமக்குச் சொற்பொருள் விரிதல் என்பது நூற்பா அளவில் மட்டும் தெரிந்ததொன்று. இங்கே அது ஒரு நாட்டின் வரலாறாகவே நிகழ்ந்துளது.

அவ்வாலயத்தின் வெளியில் ஸ்வார்டக்ரோன் என்னும் தலைமை ஆளுநரின் கல்லறை உளது. எளிய மக்களோடு கிடக்கவே விரும்பி, 1728-இல் அவர் அங்கு அடக்கம் பெற்றார். அவர் பெயர் கல்லில் உளது. அவர் யாரோடு கிடக்க விரும்பினாரோ, அவ்வெளிய மக்களின் பெயரை அங்கே தேடிக் காண்டல் அரிது.

சீனர் கதை வேறு. கூன் தாமே அவர்களை வருந்தி அழைத்தார். சோ பிங் காங் என்பார் 1619-இலேயே அவர்களுக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். கால்வாய் வெட்டியோரும் வீடு கட்டியோரும் கடை வைத்தோரும் அவரே. நகரைச் சூழ்ந்த கரும்பாலைகளும் பெரிதும் அவர் கையினவே. பின்னர்ச் சர்க்கரை விலை வீழ்ந்தது. வேலையிழந்த கூலிகள் பெருகினர். 1740-இல் அனுமதிச் சீட்டில்லாச் சீனரைப் பிடித்து இலங்கைக்கு அனுப்புவதெனக் கும்பினியார் முடிவுசெய்தனர். கப்பலேறினோர் நடுக்கடலில் எறியப்படுவர் என்று வதந்தி எழுந்தது. அஞ்சிய கூலிகள் அக்டோபர் மாதம் படைக்கலம் எடுத்தனர். 9-ஆம் நாள் தொடங்கி, மதிலுக்குள் அமைதியாக வாழ்ந்த சீனரை வீடு வீடாகப் புகுந்து கொன்றனர். மருத்துவசாலையிற் கிடந்த நோயாளரும் சிறையிலிருந்தோரும் தப்பினாரில்லை. மாண்டோர் ஏறக்குறையப் பதினாயிரவர். கிளர்ந்தோர் வெளியில், மாண்டோரிற் பலர் உள்ளிருந்த குற்றமற்றோர். ஞாயிறுதோறும் திருமறை கேட்ட நகரிலேதான் இது நிகழ்ந்தது என்பதை யாம் மறைத்தல் தகாது. தலைமை ஆளுநர் வால்கெனியர் பின்னர்ச் சிறைப்பட்டு 1751-இற் சிறையிலேயே இறந்தார். ஆனால் வழக்கு முடிந்தபாடில்லை.

உயிர்தப்பிய சீனர்க்கு மதிலுக்குள் இடமில்லை என்றாயிற்று. அங்ஙனம் தோன்றியதே குளோடோக். அங்குள்ள கின் தெக் யீ என்னும் கோயில் 1650-இல் எழுந்து, 1740-இல் எரிந்து, 1755-இல் மீளக் கட்டப்பெற்றது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறுபடியும் தீக்கிரையாயிற்று. இவ்விரண்டாம் தீ எவருடைய பகையாலும் விளைந்ததன்று. ஆனால் 1998 மே மாதத்துக் கலகத்தில் குளோடோக் கடைகள் எரிந்தது பகையினாலேயே. 1967 முதல் சீனர்தம் விழாக்களைத் தெருவில் நிகழ்த்துதல் தடுக்கப்பட்டிருந்தது. 2000-இல் குடியரசுத் தலைவர் அப்துர்ரகுமான் வாகிது அத்தடையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு நாடு முழுவதற்கும் விடுமுறை நாளாயிற்று.

அங்காடித் தெருவில் உலர்ந்த மீனும் மருந்துவேரும் ஊதுவத்தியும் ஒருங்கே மணக்கும். அதனருகே பாத்திமா மாதா கோயில் ஒன்றுண்டு. கோபுரத்தைத் தேடுவார்க்கு அது புலப்படாது. ஏனெனில் பழைய சீனச் செல்வர் மனையே 1950-ஆம் ஆண்டுகளிற் கிறித்தவ ஆலயமாக மாற்றப்பட்டது. வளைந்த கூரையும் செந்நிறத் தூண்களும் அங்ஙனமே உள்ளன. வாயிலின் இருபுறமும் கற்சிங்கங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றிடையே நடந்துதான் மக்கள் பூசைக்குச் செல்லுகின்றனர்.