டிகாக்‌ஷனும் பெரிய கிளாஸும்

"அங்கிள், பூஸ்டர் வாங்கறதா, ப்ரீஆம்ப் வாங்கறதா?"

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. ஞாயிறு ஆராதனையில் கிதார் வாசித்துவிட்டு, தோளில் பையோடு வந்து உட்கார்ந்தான் பக்கத்துத் தெருத் தம்பி. வீட்டில் சின்ன ஆம்ப்பில் இனிக்கிற எலெக்ட்ரிக் கிதார், ஹாலில் ஸ்பீக்கர் வழியே வரும்போது சோகை பிடித்தாற்போல் ஆகிவிடுகிறதாம்.

"கிதார்லேர்ந்து மிக்ஸர் வரைக்கும் கேபிள் எவ்வளவு நீளம்?"

"ரெண்டைச் சேத்துப் போட்டிருக்கோம். நாப்பது அடி வரும்."

"நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அங்கிள். நேரா மிக்ஸர்தான்."

நோய் அந்த நாற்பது அடியில்தான் இருக்கிறது. இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கிதாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, ஓங்கி அடித்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அழுத்தம் குறைவு என்பதைவிடப் பெரிய சிக்கல், அதனால் சுமை தாங்க முடியாது என்பது. மாடித் தொட்டியிலிருந்து அரை இஞ்ச் பைப் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு குழாயைச் சன்னமாகத் திறந்தால் வேகம் குறையாது. நான்கு குழாயையும் முழுதாகத் திறந்தால் ஷவரில் சொட்டுத்தான் விழும். கிதார் ஆம்ப் சன்னமாகத் திறந்த குழாய். அதன் உள்வாயில் பத்து லட்சம் ஓம் மின்தடை இருக்கும். மிக்ஸரின் சாதாரண லைன் உள்வாயில் அது பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான். நான்கு குழாயும் திறந்த கதை. அந்தச் சுமையில் முதலில் சாவது உச்சி ஒலிகள். தந்தியை மீட்டும்போது கேட்கும் அந்தப் பளிச்சென்ற தொடக்கம் போய்விடுகிறது.

கேபிளும் சும்மா இருப்பதில்லை. நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வலையும் சேர்ந்து நீளம் முழுக்க ஒரு கெபாசிட்டராக நிற்கின்றன. மீட்டருக்கு ஏறக்குறைய நூறு பிகோஃபாரட். நாற்பது அடிக்கு ஆயிரத்து இருநூறு. பளிச்சென்ற ஒலிகளில் மிஞ்சியதையும் அது தின்றுவிடும்.

ப்ரீஆம்ப்பின் முதல் வேலை இங்கேதான். கிதாரிடமிருந்து ஏறக்குறைய எதையும் உறிஞ்சாமல் ஒலியை வாங்கி, மறுபக்கம் எத்தனை அடி கேபிளையும் எந்த மிக்ஸரையும் தாங்கும் தெம்போடு கொடுப்பது. பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களைத் திருப்பி டோனை அமைப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான். பெட்டியைக் கிதார் பக்கம், வாசிப்பவன் காலடியில் வைக்க வேண்டும். மிக்ஸர் பக்கத்தில் வைத்தால் அதற்கு முன்னாலேயே நாற்பது அடி தின்று முடித்திருக்கும்.

பூஸ்டர் இதைவிட எளிய பொருள். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தை 1968இல் நியூயார்க்கில் தொடங்கிய மைக் மாத்யூஸும், பெல் லேப்ஸ் பொறியாளர் பாப் மையரும் கிதார் நாதம் நெடுநேரம் நிற்க ஒரு கருவி செய்யப் பார்த்தார்கள். கிதாரின் சமிக்ஞை போதாமல், அந்தக் கருவிக்கு முன்னால் மையர் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தார். அந்தச் சின்னப் பெட்டியைத் தட்டியதும் ஆம்ப் எழுந்து முழங்கியது. எல்பிபி-1 என்ற பெயரில் அதையே விற்றார்கள். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், ஒரு வால்யூம் கன்ட்ரோல். அவ்வளவுதான். உதிரிகள் கிடைக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒருமுறை போய்வந்தால், ஒரு பிசி549 டிரான்சிஸ்டரை வைத்து ஒரு மாலையில் சால்டர் பண்ணி முடித்துவிடலாம். கிதார் பிடிக்கிற பிள்ளைகள் ஒருமுறையாவது அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்பது வோல்ட் பேட்டரி, எட்டு உதிரிகள். இருபது டெசிபெல், அதாவது பத்து மடங்கு அழுத்தம், கையில் வந்துவிடும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சுற்றின் உள்வாய் நாற்பதாயிரம் ஓமுக்கும் கீழேதான் வருகிறது. கிதாரை நேரே செருகினால் இதுவும் கொஞ்சம் உச்சியைத் தின்னும். ப்ரீஆம்ப் முன்னால் நின்றால் அந்தக் கவலை இல்லை.

டீ வந்தது. தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்ப பூஸ்டர்னா சத்தத்தைக் கூட்டற பெட்டி, அவ்வளவுதானே?" என்றான்.

மாஸ்டரைக் காட்டினேன். ஸ்ட்ராங்காகக் கேட்டால் டிகாக்‌ஷனைக் கூட்டுகிறார். டீயின் குணமே மாறுகிறது. ஃபுல் டீ கேட்டால் அதே டீயைப் பெரிய கிளாஸில் ஊற்றுகிறார். பூஸ்டர் இந்த இரண்டில் எதைச் செய்யும் என்பது அது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. வால்வு ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் ஆம்ப்பின் முதல் வால்வு திணறி, அலையின் முகடுகள் மழுங்கி, புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன. அது டிகாக்‌ஷன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்குப் பின்னால் வைத்தால், ஸோலோ வரும்போது அதே ஒலி பெரிதாகக் கேட்கும். அது கிளாஸ். குவீன் குழுவின் பிரையன் மே, வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் வைத்து உண்டாக்கியது முதல் வகை. கீழ்ச்சுருதியைக் குறைத்து மேலே உள்ளதைத் தூக்கித் தருவதால், ஆம்ப் திணறும்போதும் ஒலி குழம்பாது.

நம் ஊர் ஹால்களிலும் மெல்லிசை மேடைகளிலும் வால்வு ஆம்ப் ஏது? கிதார் நேரே மிக்ஸருக்குத்தான் போகிறது. அங்கே பூஸ்டரைத் திருகினால் மிக்ஸரின் உள்வாய் வெட்டுப்படும். மழுங்காது, சடாரென்று வெட்டும். கிதார் ஆம்ப்பின் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரிதும் விழுங்கிவிடும். அது பாதி டோன். ஹால் ஸ்பீக்கர் அப்படி எதையும் விழுங்காது. வெட்டுப்பட்ட ஒலியின் கரகரப்பு முழுதும் வெளியே வந்து, தகரத்தைக் கீறினாற்போல் கேட்கும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆம்ப்பின் குணத்தையும் ஸ்பீக்கரின் வடிகட்டலையும் சேர்த்துத் தருகிற ப்ரீஆம்ப் பெடல்கள் வந்தன. 1989இல் டெக்21 நிறுவனத்தின் ஆண்ட்ரூ பார்ட்டா கொண்டுவந்த சான்ஸ்ஆம்ப் அவற்றில் முன்னோடி.

நம் சங்கீதத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே மீட்டில் தந்தியை இழுத்து மூன்று நான்கு ஸ்வரங்களைத் தொட வேண்டும். அதுவரை நாதம் நிற்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட மரபு மாண்டலினை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். இரட்டைத் தந்தியைச் சேர்த்து இழுத்துக் கமகம் பிடிப்பது எத்தனை பாடு என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதத்தை நிலைநிறுத்திய ஆர். பிரசன்னாவைக் கேட்டாலும் நாதம் நிற்பதன் அருமை புரியும். பூஸ்டரால் இலேசாகத் திணற வைத்த ஆம்ப், முகட்டை அமுக்கி வாலைத் தாங்குகிறது. தந்தி ஓய்ந்துகொண்டே போனாலும் காதுக்கு உடனே ஓய்வதில்லை. கமகம் பழகுகிற பிள்ளைக்கு அந்த அரை விநாடி பெரிய சொத்து.

பூஸ்டருக்குச் சங்கீதமும் இரைச்சலும் ஒன்றுதான். இரண்டையும் பத்து மடங்காக்கும். டியூப்லைட்டின் முனகலையும், மட்டமான அடாப்டரின் ரீங்காரத்தையும் சேர்த்தே தூக்கும். நல்ல அடாப்டருக்குக் காசு செலவழிக்கலாம், தவறில்லை. ரீங்காரம் போக வேண்டும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்ப்பில் கோளாறு வந்தால் மின்சாரம் தந்தி வழியே விரலுக்கு வரும்.

"அப்ப எனக்கு ப்ரீஆம்ப்தான்" என்றான் தம்பி. ஆமாம், அவனுக்கு ப்ரீஆம்ப்தான். சொந்தமாக நல்ல ஆம்ப் வாங்கும் நாளில் பூஸ்டரைப் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் கடைக்குப் போவதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பல மிக்ஸர்களில் முதல் சேனல் ஒன்றிரண்டில் ஹை-இஸட் என்றோ, கிதார் படம் போட்டோ ஒரு பொத்தான் இருக்கும். கிதாரை அந்தச் சேனலுக்கு மாற்றி, பொத்தானை அழுத்தி, நாற்பது அடியைப் பத்து அடியாக்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.