மேடைக்கும் ஒரு சோதனைச் சாவடி

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் மார்க்கத்தில், ஆந்திர எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்னே, பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே அமைந்த எளாவூரை வெளியூர்வாசிகள் பெரும்பாலும் அதன் சோதனைச் சாவடியைக் கொண்டே அறிவார்கள். சரக்கைச் சோதிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பாட்டையும் வசனத்தையும் அவ்வாறே வழிமறித்துப் பிரித்துப் பார்க்கும் சாவடி ஒன்று நம் தேசத்தில் நூறாண்டுக்கு மேல் நடந்து வந்ததென்பதைப் பலர் அறியார்.

அதன் உற்பத்தி 1876ஆம் ஆண்டில். வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்தபோது, தம் இல்லத்து ஸ்திரீகளைக் கொண்டு அவருக்கு உபசாரம் செய்வித்த ஒரு வக்கீலைப் பரிகசித்து வங்காளிகள் பிரகசனம் ஒன்றை ஆட, ராஜாங்கத்தார் கொதித்தெழுந்து நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைப் பிறப்பித்தனர். அவதூறென்றோ, ராஜ விசுவாசத்தைக் குலைப்பதென்றோ, ஒழுக்கத்தைக் கெடுப்பதென்றோ அதிகாரிக்குத் தோன்றிய நாடகத்தைத் தடுக்கவும், மீறி நடித்தவர்களைச் சிறையிலிடவும் அது இடமளித்தது.

தமிழ்நாட்டில் இச்சட்டத்தையும் ராஜத்துரோகச் சட்டத்தையும் ஏளனம் செய்தே வாழ்ந்தவர் சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் குடியேறிய விஸ்வநாத தாஸ். அக்காலத்து ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓரிரவுக்கு மட்டும் ஒன்றுகூடுவர். ஒத்திகையும் இராது, கட்டுப்பட்டு ஒப்பிக்க வேண்டிய பிரதியும் இராது. ஆகவே ‘வள்ளி திருமணம்’ என்று அனுமதி பெற்ற நாடகத்தில், வேலனாக வந்த தாஸ் பறவை விரட்டும் சாக்கில் மதுரகவி பாஸ்கரதாஸின் வெள்ளைக் கொக்குப் பாட்டை எடுத்தால், அந்தக் கொக்கு எந்தத் தீவிலிருந்து வந்ததென்று கொட்டகை முழுதும் அறியும். குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரருக்கோ முருகன் மீது என்ன குற்றம் எழுதுவதென்ற சங்கடம்! எனினும் எழுதினார்கள், தாஸ் பன்முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அந்நியர் போனபின் இந்தச் சாவடி இடிக்கப்பட்டிருக்க வேண்டுமென்று வாசகர் எண்ணக்கூடும். நடந்ததோ அதைப் புதுப்பித்துக் கட்டியதுதான். எம். ஆர். ராதா தம் ‘ராமாயணம்’ நாடகத்தால் ஆஸ்திகர்களின் கடுங்கோபத்துக்கு ஆளாகியிருந்த 1954இல், சென்னை ராஜ்யம் தனக்கென்றே ஒரு நாடகச் சட்டத்தை இயற்றிக்கொண்டது. மனம் புண்படுவோர் வரவேண்டாமென்று விளம்பரத்திலேயே ராதா அறிவிப்பாரென்பர். அந்நாடகத்தால் புண்பட்டவர்களின் வேதனை பொய்யென்று நான் கூறமாட்டேன். ஆயினும் டிக்கட் வாங்காமல் வீட்டிலிருக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது, நடிப்பவருக்கோ சட்டத்தின்முன் அத்தகைய மார்க்கம் ஏதுமில்லை. அன்று முதல் சென்னையில் நாடகம் போடுவோர், குடும்ப ஹாஸ்ய நாடகமாயினும், பிரதியைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்து அனுமதிக்காகக் காத்து நிற்பது வழக்கமாயிற்று. பரீக்ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்று தள்ளியது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாராளுமன்றமும் பின்னர் ரத்து செய்தது.

இத்துடன் தீர்ந்ததா? மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகத்துக் கோவன் 2015 அக்டோபரில் திருச்சியில் ராஜத்துரோகக் குற்றத்தின்பேரில் கைதானார். ஆனால் அதைவிட நுட்பமான தடை ஒன்று பின்னர் வந்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, உப்பங்கழிகளாலும் பக்கிங்ஹாம் கால்வாயாலும் அதனோடு பிணைந்த எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் மீனவர் ஜீவனத்தைக் கெடுப்பதைக் கண்டு, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலை டி. எம். கிருஷ்ணா 2017இல் ராகமாலிகையாகப் பாடினார். அப்பாட்டை எவரும் தடை செய்யவில்லை. அடுத்த ஆண்டு, ஏசுவையும் அல்லாவையும் கர்நாடக இசையில் பாடுவேனென்று அவர் அறிவித்திருந்த நிலையில், 2018 நவம்பர் 17 அன்று டெல்லியில் நடக்கவிருந்த அவரது கச்சேரி, இணையத்தில் எழுந்த வசைமாரிக்குப் பின், ஏதோ நெருக்கடி என்பதற்குமேல் விளக்கமின்றி நின்றுபோயிற்று. டெல்லி அரசாங்கம் வேறிடத்தில் மேடையளித்ததால் அதே நாளில் அவர் பாடினார். அத்தகைய அதிர்ஷ்டம் எல்லாக் கலைஞருக்கும் வாய்ப்பதில்லை.

என் அபிப்பிராயத்தில், பழைய சட்டத்தைவிட இந்தப் புதிய முறையே அபாயமானது. பழைய தடைக்கு ஓர் உத்தரவு உண்டு, அதன்கீழ் ஒரு கையொப்பம் உண்டு. அது சட்டமாயிருந்ததனாலேயே ஞாநியால் அதை நீதிபதியின் முன் கொண்டு நிறுத்த முடிந்தது. தொலைபேசியில் வரும் மிரட்டலுக்கு அஞ்சி, ‘தவிர்க்கவியலாத காரணங்களால்’ என்றெழுதி ரத்தாகும் நிகழ்ச்சிக்கு எந்த நீதிமன்றத்தில் அப்பீல் செய்வது? ஆகையால் சபாக் காரியதரிசிகளையும், திருவிழாவுக்குக் கூத்தும் நாடகமும் வைக்கும் கிராமத்து விழாக் கமிட்டியாரையும் நான் வேண்டுவது இதுதான்: எவரேனும் ஒரு கலைஞரை நிறுத்தச் சொன்னால், ஆட்சேபம் எந்த வரிக்கு, ஆட்சேபிப்பவர் யார் என்பதை எழுத்தில் கேளுங்கள்; கொடுத்தால் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், கொடுக்காவிடில் குறித்த நேரத்தில் திரையைத் தூக்குங்கள்.