உங்களுக்குத் தெரியுமா? ஊத்திக்கொண்ட ஆக்‌ஷன் படங்கள் ஸ்பெஷல்!

செய்யூர்க்காரரே! இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே நீங்கள் ‘மொக்கை’ என்றால் கோடம்பாக்கத்துக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது, தெரியுமா? சினிமா வியாபாரக் கணக்கில் நீங்கள் ‘செங்கல்பட்டு ஏரியா’! குரோம்பேட்டையும் தாம்பரமும் உங்கள் கூட்டாளிகள். வெள்ளிக்கிழமை கல்லாவை நிரப்புவதும் நீங்கள்தான். திங்கட்கிழமை தியேட்டரைக் காலி செய்வதும் நீங்கள்தான்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டமே 1997-ல் காணாமல் போனது! காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2019 நவம்பரில்தான் அந்தப் பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் பிறந்தது. ஆனால் விநியோகஸ்தர் நோட்டில் பெயர் ஒருநாளும் அழியவில்லை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து ‘என்.எஸ்.சி.’ என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். மாவட்டமே இல்லாத ஏரியாவில் படம் ஓடியது 22 வருஷம்!

தமிழ்ப் படம் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்வது யார்? தமிழ்நாட்டு ரசிகர் இல்லை! 2023 அக்டோபர் 19-ல் ‘லியோ’ வந்தபோது நமக்குக் கதவு திறந்தது காலை 9 மணிக்கு. கேரளாவில் விடியற்காலை 4 மணிக்கே ஓட்டிவிட்டார்கள். நாம் பல் தேய்ப்பதற்குள் பாலக்காட்டிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் தீ, செகண்ட் ஹாஃப் லேக்!’

அந்த ‘லியோ’ ஃப்ளாஷ்பேக் ஒட்டவே இல்லை என்று ரசிகர்கள் புலம்பினார்கள் அல்லவா? இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சொன்ன பதில்தான் அட்டகாசம். அந்த ஃப்ளாஷ்பேக் பொய்யாகக்கூட இருக்கலாமாம்! அது மன்சூர் அலிகான் பாத்திரம் சொல்கிற கதைதானே என்றார். நல்லா இல்லை என்றால் நடக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த யோசனை இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே!

பார்த்தவர்கள் திட்டியதால் தியேட்டரில் சத்தத்தையே குறைத்த படம் தெரியுமா? 2024 நவம்பர் 14-ல் வந்த ‘கங்குவா’! காது வலிக்கிறது என்று புகார் மேல் புகார். வால்யூமை 2 புள்ளி இறக்குங்கள் என்று தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டார். கணவர் சூர்யாவின் படத்துக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதிய ஜோதிகாகூட, முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒத்துக்கொண்டார்!

சத்தம் மட்டுமா? படத்தையும் வெட்டினார்கள். எவ்வளவு? 12 நிமிஷம். அதே வருஷம் ஜூலை 12-ல் வந்த ‘இந்தியன் 2’ படத்துக்கும் ரசிகர்கள் கொட்டாவி விட்டதால் கத்தரி விழுந்தது. எவ்வளவு? அதுவும் சரியாக 12 நிமிஷம்!

ரசிகர் வாயை மூட கோர்ட்டுக்கே போனார்கள், தெரியுமா? படம் வந்து முதல் 3 நாளைக்கு யூடியூப், எக்ஸ், ஃபேஸ்புக் எதிலும் விமர்சனமே கூடாது என்று தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி, 2024 டிசம்பரில் தடை விதிக்க மறுத்தது நீதிமன்றம். நீங்கள் தைரியமாகப் பேசலாம்! பக்கத்துக் கேரளத்தில் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் கொஞ்சம் தாராளம். அவர் சிபாரிசு செய்தது 48 மணி நேர மௌனவிரதம்தான்!

2017 ஆகஸ்ட் 24. அஜித்தின் ‘விவேகம்’. ஐரோப்பாவில் பறந்து பறந்து எடுத்த ஆக்‌ஷன் த்ரில்லர். யூடியூபில் ‘புளூ சட்டை’ மாறன் அதைக் கிழித்த கிழியில் திரையுலகமே கொதித்தது. “நீ ஒரு படம் எடுத்துப் பார்!” என்றார்கள். எடுத்தே விட்டார்! 2021 டிசம்பர் 10-ல் ‘ஆன்டி இண்டியன்’. கதை, இயக்கம், இசை எல்லாம் அவரே. நடிப்பும் உண்டு. என்ன வேஷம் தெரியுமா? பிணம்!

அந்த ‘விவேகம்’ எடுத்த ‘சிறுத்தை’ சிவாவும் அஜித்தும் அடுத்து என்ன செய்தார்கள்? ஐரோப்பாவுக்கு டாட்டா காட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்கள். 2019 பொங்கலுக்கு ‘விஸ்வாசம்’. ரஜினியின் ‘பேட்ட’ படத்தோடு ஒரே நாளில் மோதியது. தமிழ்நாடு முழுக்கத் திருவிழா! ‘கங்குவா’ எடுத்ததும் இதே சிவாதான். ஒரே மனிதர். கீழே, மேலே, மறுபடி கீழே!

இப்போது ஒரு பெரிய மீன். கமலின் ‘ஆளவந்தான்’! 2001 நவம்பர் 16. கலைப்புலி தாணு தயாரிப்பு, சுரேஷ் கிருஷ்ணா இயக்கம். மொட்டைத் தலை நந்து, மேஜர் விஜய் என இரண்டு கமல். எல்லாம் இருந்தும் ஜனங்களுக்குப் பிடிபடவில்லை. படம் படுத்தது. கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘இதயம் பேசுகிறது’ பத்திரிகையில் கமலே எழுதிய ‘தாயம்’ தொடரிலிருந்து! ஜனங்கள் கைவிட்டாலும் டெல்லி கைவிடவில்லை. சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது வந்தது!

ஆட்டம் அதோடு முடியவில்லை. நிஜக் காட்சி சட்டென்று கார்ட்டூனாக மாறி அடிதடி நடக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஹாலிவுட் ஜாம்பவான் குவென்டின் டரான்டினோவின் ‘கில் பில்’ படத்திலும் அதே மாதிரி ஒரு கார்ட்டூன் ரத்தக்களரி உண்டு. ஓர் இந்தியப் படத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று டரான்டினோவே தன்னிடம் சொன்னதாக இயக்குநர் அனுராக் காஷ்யப் போட்டு உடைத்தார். எந்தப் படம்? ‘அபய்’. அதாவது நம்ம ‘ஆளவந்தான்’ இந்தியில்! உள்ளூரில் விலை போகாத சரக்கு ஹாலிவுட் வரை போயிருக்கிறது. 2023 டிசம்பரில் தாணு அதைச் சுருக்கி மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார். 22 வருஷம் கழித்து!

கமல் என்றதும் இன்னொன்று. 1986-ல் வந்த ‘விக்ரம்’. சுஜாதா கதை! குமுதத்தில் தொடராக ஓடிய கதை! சலாமியா என்று இல்லாத ஒரு நாடு, திருட்டுப் போன ஏவுகணை, டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான்... எதிர்பார்ப்பு எகிறியது. ரிசல்ட்? சுஜாதாவுக்கே திருப்தி இல்லை! ஆனால் ஏவுகணையின் பெயரைக் கவனியுங்கள். அக்னிபுத்ரா! இந்தியாவின் நிஜமான ‘அக்னி’ ஏவுகணை முதல் முறையாகப் பறந்தது 1989 மே 22. படம் வந்து 3 வருஷம் கழித்து!

அதே ஏஜென்ட் விக்ரம் 36 வருஷம் ஒளிந்திருந்து 2022-ல் திரும்பி வந்தார். அள்ளிய வசூல் 400 கோடி ரூபாய்க்கு மேல்!

‘நாயகன்’ வந்து 38 வருஷம் கழித்துக் கமலும் மணிரத்னமும் சேர்ந்த ‘தக் லைஃப்’? 2025 ஜூன் 5-ல் தியேட்டருக்கு வந்தது. நெட்ஃப்ளிக்ஸுக்கு 8 வாரம் கழித்துத்தான் என்று பேச்சு. போய்ச் சேர்ந்ததோ 28 நாளிலேயே! இன்னொரு ‘நாயகன்’ எதிர்பார்த்தவர்களிடம் மணிரத்னம் மன்னிப்பும் கேட்டுவிட்டார். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை வருவதே அபூர்வம், அதில் ஒன்று ‘ஸாரி’!

மட்டமான படம் பார்த்த கடுப்பில் ஒருவர் கம்பெனியே ஆரம்பித்தார், தெரியுமா? அமெரிக்காவின் எட் மின்ட்ஸ். 1978-ல் ‘தி சீப் டிடெக்டிவ்’ பார்த்து நொந்துபோனார். விமர்சகர் பேச்சு வேண்டாம், டிக்கெட் வாங்கியவரைக் கேட்போம் என்று கிளம்பியதுதான் ‘சினிமாஸ்கோர்’. இன்றைக்கும் தியேட்டர் வாசலில் கையில் கார்டு கொடுத்து மார்க் கேட்கிறார்கள். பிராட் பிட் நடித்த ‘கில்லிங் தெம் சாஃப்ட்லி’க்குக் கிடைத்த கிரேடு? எஃப்!

படம் பார்க்காமலே திட்டலாமா? தாராளமாக! 2020-ல் ‘சடக் 2’ இந்திப் பட டிரெய்லருக்கு யூடியூபில் விழுந்த டிஸ்லைக் 1 கோடிக்கு மேல்! மறு வருஷமே டிஸ்லைக் எண்ணிக்கையைப் பார்வையாளர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது யூடியூப்.

ரன்வீர் சிங்கின் ‘குண்டே’ 2014-ல் வந்தது. வங்கதேசம் பிறந்த கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று அந்த நாட்டு மக்கள் ஐ.எம்.டி.பி. தளத்தில் திரண்டு வந்து 1 மார்க், 1 மார்க் என்று குத்தித் தள்ளினார்கள். 10-க்குக் கிடைத்தது 1.4!

அதையும் தோற்கடித்த ஆக்‌ஷன் த்ரில்லர் ஒன்று உண்டு. 2002-ல் வந்த ‘பாலிஸ்டிக்: எக்ஸ் வெர்சஸ் செவர்’. ஆன்டோனியோ பண்டேராஸ், லூசி லியூ. படம் முழுக்கத் துப்பாக்கி, படம் முழுக்க வெடி. ராட்டன் டொமேட்டோஸ் தளம் திரட்டிய விமர்சனங்கள் 100-க்கும் மேல். அதில் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 0!