காப்பி எடுத்த வீடியோ சிடி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

மூலக்குளத்தில் எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு பிலிப்ஸ் சிடி-ஐ பிளேயர் இருக்கிறது. பாரீஸில் வேலை பார்த்த பெரியப்பா 1990களில் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. 2001-ல் நடந்த சித்தி கல்யாண வீடியோ சிடியை அம்மா அதில்தான் பார்ப்பார். தாத்தாவின் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரு டிஸ்கில் மட்டுமே.

சென்ற மாதம் பார்த்தால், டிஸ்கின் மேல்பூச்சு ஓரத்தில் உரியத் தொடங்கியிருந்தது. உடனே கம்ப்யூட்டரில் டிஏடி ஃபைலை ஹார்டு டிஸ்கிற்கு காப்பி செய்து, புதிய சிடியில் எழுதினேன். கம்ப்யூட்டரில் படம் ஓடியது. சிடி-ஐ பிளேயரோ முதல் திரையோடு நின்றுவிட்டது. ஏன்?

முதலில் பிளேயர் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்ப்போம். 1991-ல் விற்பனைக்கு வந்த சிடி-ஐ, டிவியில் இணைக்கும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். இதன் ஆபரேட்டிங் சிஸ்டமான சிடி-ஆர்டாஸ், ரோம் சிப்பிலேயே இருக்கிறது. டிஸ்கைப் போட்டதும், எந்த புரோகிராமை இயக்க வேண்டும் என்பதை டிஸ்கின் முகப்புப் பகுதியில் தேடும். வீடியோ சிடி என்றால் அந்த புரோகிராம் 'சிடிஐ' என்ற போல்டருக்குள் இருக்கும். அது மெமரிக்கு வந்த பிறகுதான் படம் தொடங்கும். படத்தை விரித்துக் காட்ட டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜும் பிளேயரில் இருக்க வேண்டும்.

சாதாரண விசிடி பிளேயருக்கு இந்த புரோகிராம் தேவையில்லை. அது 'விசிடி' போல்டரில் உள்ள விவரத்தைப் படித்து, நேரே வீடியோ ட்ராக்கிற்குப் போய்விடும்.

பிளேயரைக் குறை சொல்லுமுன் நன்றாக ஓடும் வேறொரு அசல் வீடியோ சிடியைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் பிளேயரும் கார்ட்ரிட்ஜும் சரி; கோளாறு காப்பியில்தான். என் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது.

முதல் காப்பியில் நான் செய்த தவறு, டேட்டா சிடியாக எழுதியது. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட். வீடியோ சிடியின் பட ட்ராக்கிலோ 2324 பைட். விண்டோஸில் தெரியும் டிஏடி ஃபைலை அப்படியே எழுதினால் இந்த அமைப்பு போய்விடுகிறது.

இரண்டாவது முறை டிஏடியை எம்பெக் ஃபைலாக மாற்றி, எழுதும் சாஃப்ட்வேரில் 'வீடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்து வீட்டு விசிடி பிளேயரில் ஓடியது; எங்கள் பிளேயரில் ஓடவில்லை. டிஸ்கைத் திறந்து பார்த்தபோது 'சிடிஐ' போல்டரே இல்லை. சிடி-ஐ ஆதரவுக்கான கட்டத்தில் நான் டிக் செய்யவில்லை!

மூன்றாவது முறை வெற்றி. ஃபைல்களைத் தொடாமல் முழு டிஸ்கையும் பின்/க்யூ இமேஜாக எடுத்து, அதிலிருந்து புதிய சிடி எழுதினேன். நீங்களும் இவற்றைக் கவனியுங்கள்:

1. ஐஎஸ்ஓ வேண்டாம். சில சாஃப்ட்வேர்கள் முதல் ட்ராக்கை மட்டும் ஐஎஸ்ஓவாக எடுக்கும். படம் இருப்பது இரண்டாவது ட்ராக்கிலிருந்து. இமேஜ் சில எம்பி மட்டுமே இருந்தால் படம் அதில் இல்லை என்று பொருள்.

2. சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அதன் பிரதிபலிப்பு குறைவு என்பதால் பழைய லென்ஸ் படிக்கத் திணறும். சிடி-ஆர் வாங்கி, குறைந்த வேகத்தில் எழுதுங்கள்.

3. கடிகாரம் தவறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கலாம். செட்டிங்குகளும் கேம் ஸ்கோர்களும் அழியும். வீடியோ சிடி ஓடாததற்கு பெரும்பாலும் அது காரணமல்ல.

இதில் நான் கற்ற பாடம், ஃபைலை காப்பி செய்வதும் டிஸ்கை காப்பி செய்வதும் ஒன்றல்ல என்பதுதான். முதல் காப்பி கம்ப்யூட்டரில் ஓடியதை நம்பி அசல் டிஸ்கைக் குப்பையில் போட இருந்தேன். உங்கள் காப்பியை, அது ஓட வேண்டிய பிளேயரிலேயே முழுதாக ஓட்டிப் பார்க்கும்வரை அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். இமேஜின் ஒரு பிரதி பென்டிரைவிலும் இருக்கட்டும்.

மூன்றாவது காப்பி ஓடியபோது, பந்தியில் "வாங்க, உட்காருங்க" என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தார் தாத்தா. அம்மா ரிமோட்டை வாங்கி, அந்த இடத்தை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.